குமிழி நிற்கும் வரை

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பஞ்சர் கடை வைத்திருப்பவரை எல்லோரும் காற்றுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். "புது ட்யூபுங்க, ஓட்டை இருக்கவே இருக்காது" என்று யாராவது அடித்துச் சொன்னால், "நீங்க சொல்றது இருக்கட்டும், தண்ணி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்று ட்யூபைத் தொட்டியில் அமுக்குவார். குமிழி வந்தால் ஓட்டை. அவருக்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு பெருங்குடலில் புற்றுநோய் வந்து, அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஆள் தேறி வந்து பழையபடி எல்லோரையும் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு பரிசோதனையில் வலது நுரையீரலில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. குடலிலிருந்து கிளம்பிப் போய் அங்கே குடியேறியவை. அவ்வளவுதான், கதை முடிந்தது என்று மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டே இடம்தான், வேற எங்கயும் இல்ல. எடுத்துடலாம்" என்றார் டாக்டரம்மா.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று இழுத்தார்.

"யோசிக்கிற வேலையை நான் முடிச்சாச்சு. நீங்க போய் ஆபரேஷனுக்குப் படுங்க" என்றாள் மனைவி. போய்ப் படுத்தார்.

புள்ளிகள் இரண்டையும் சுத்தமாக வெட்டி எடுத்துவிட்டார்கள். கண் விழித்தபோது விலாவிலிருந்து ஒரு குழாய் இறங்கி, கட்டிலடியில் இருந்த பாட்டில் தண்ணீருக்குள் போயிருந்தது. இருமினார். பாட்டிலில் குமிழி கிளம்பியது.

"ஓட்டை, ஓட்டை" என்று நர்ஸைக் கூப்பிட்டார். "வெட்டின இடத்துல கொஞ்சம் காத்து கசியும். தானா மூடிக்கும்" என்றார் நர்ஸ். தானாக மூடிக்கொண்ட ஓட்டையை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. மூடாவிட்டால் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குள் போக வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு ஆரம்பித்தார் தில்லுமுல்லு. காற்றைக் குறைத்தால் குமிழி குறையும் என்பது அவருக்குத் தெரியாததா? மூச்சை நுனியிலேயே விட்டார். இருமச் சொன்னால் பூனைக்குட்டி மாதிரி ஒரு இருமல். பாட்டில் சாதுவாக இருந்தது. "நாளைக்குக் குழாயை எடுத்துடலாம் போல" என்றார் டாக்டரம்மா. காற்றுக்காரருக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

மறுநாள் காலையில் மனைவி கடைக் கதையைக் கொண்டுவந்தாள். "உங்க தம்பி கடையைத் திறந்தாரு. வந்தவரு பின்சக்கரம் பஞ்சர்னாரு. இவரு முன்சக்கரத்தைக் கழட்டி அரைமணி நேரமா தண்ணியில ஓட்டை தேடியிருக்காரு!"

அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். கட்டிலடியில் படபடவென்று குமிழி.

"அடப்பாவி மனுஷா! இத்தனை நாளா நடிச்சீங்களா?" என்று அவள் நேரே போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்துவிட்டாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "உங்க கடையில காத்தை இறக்கிட்டு ஒட்டு போடுவீங்க. இங்க அதுக்கு நேர் எதிர். நுரையீரல் நல்லா விரிஞ்சு நெஞ்சுச் சுவரோட ஒட்டினாத்தான் ஓட்டை மூடும். நீங்கதான் அதை மூட விடாம பண்ணிட்டு இருக்கீங்க. சளி வேற கட்டிக்கும்."

அசடு வழிந்தபடி தலையாட்டினார். அன்றிலிருந்து வைராக்கியமாக மூச்சு இழுத்தார். விலாவில் தலையணையை அழுத்தி மனைவி பிடித்துக்கொள்ள, வலியில் கண்ணீர் வர வர இருமினார். முதலில் கொத்துக் கொத்தாக வந்த குமிழி, பிறகு ஒன்றிரண்டாகக் குறைந்தது.

ஒரு காலை, அடிவயிற்றிலிருந்து இருமினார். குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்கியது. குமிழி வரவில்லை.

"சரியாப் பாரு."

"பார்த்துட்டுத்தான் இருக்கேன். ஒண்ணும் வரலைங்க."

மறுபடி இருமினார். மறுபடியும் இல்லை. "யாரும் ஒட்டு போடலையே" என்றார். இத்தனை வருஷம் சோறு போட்டு வளர்த்த உடம்புக்கு இப்படியொரு வேலை தெரியும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. சந்தோஷம் தாங்கவில்லை.

"போதும், விடுங்க. பக்கத்துக் கட்டில்காரர் தூங்க வேணாமா?" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.