இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில்

ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் உபவாசம் இருக்கும் லெந்து நாட்கள் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் சீட்டுக் குலுக்குவார்கள். சித்தூரில் வெள்ளைக்காரர் காலத்து மிஷனில் உண்டான பழைய தமிழ்ச் சபை எங்களுடையது. காணிக்கைப் பையில் சீட்டுகளைப் போட்டு ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்வார்கள். காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும், மணிக்கு ஒரு சீட்டு. யாருக்கு எந்த மணி விழுகிறதோ, ஈஸ்டர் வரைக்கும் தினமும் அந்த ஒரு மணி நேரம் அவர் தன் வீட்டில் ஜெபத்தில் இருக்க வேண்டும். சங்கிலி ஜெபம் என்று பெயர். தன் நேரம் முடிந்ததும் அடுத்தவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அவர் அதை எடுக்கக் கூடாது. எடுத்தால் பேச்சு வந்துவிடும். பேச்சு வந்தால் குழம்பு, மருமகள், தண்ணீர் லாரி என்று எங்கேயோ போய்விடும். மணி அடித்து நின்றால் போதும், சங்கிலி கைமாறிவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று விழுந்தது.

பையைப் பிடித்துக்கொண்டிருந்த பாஸ்டரம்மா என் சீட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என் மத்தியானத் தூக்கம் சபைக்கே தெரியும். மாதர் சங்கக் கூட்டம் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தால், சாய்ந்துகொள்ளச் சுவரோரமாகத்தான் இடம் பிடிப்பேன். எனக்கு அடுத்த மூன்று மணிச் சீட்டு என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு விழுந்தது. அவர் எங்கள் தெருவிலேயே சில வீடுகள் தள்ளி இருக்கிறார். தையல் மிஷின் வைத்திருக்கிறார். வாயும் அந்த மிஷின் மாதிரிதான் ஓடும். தன் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்:

"இவ குடுக்கிற மிஸ்டு கால்ல நான் ஜெபத்துக்கு உக்காரணும்னா, ஈஸ்டர் வரிக்கும் எனக்கு லீவுதான் போ."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அந்த வருஷத்து ஜெபக் குறிப்புகளில் ஒன்று என்னுடையது. திருப்பதியில் கட்டிக்கொடுத்த என் மகளுக்குப் போன வருஷம் உண்டான கரு தங்காமல் போனது. இப்போது மறுபடி உண்டாகி, ஈஸ்டரை ஒட்டி மாதம் நிறைகிறது. அவளுக்காகச் சங்கிலியில் எல்லாரும் ஜெபிக்க வேண்டும் என்று நான்தான் ஆராதனையில் எழுந்து நின்று கேட்டேன். நான் கேட்ட ஜெபத்தில் நானே தூங்கினால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவேன்?

என் வீட்டுக்காரருக்குப் பால் குளிரூட்டும் நிலையத்தில் விடிகாலை வேலை. பலமனேர்ப் பக்கத்திலிருந்து வரும் கேன்களை இறக்க வேண்டும். அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்க இருட்டிலேயே எழுந்துகொள்வேன். அவர் போனதும் கிரைண்டரைப் போட்டு, கடைகளுக்குக் கொடுக்கும் இட்லி மாவை அரைத்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். லெந்து நாட்களில் மத்தியானம் வரைக்கும் ஒன்றும் சாப்பிட மாட்டேன். என் அம்மா அப்படித்தான் இருந்தார், நானும் அப்படியே இருந்து வந்தேன். வெறுங்காபி மட்டும். மத்தியானம் பசி காதை அடைக்கும். தட்டு நிறைய சோறு, சாம்பார், ரசம், மோர் என்று ஒரு பிடி பிடித்துவிட்டு, பாத்திரம் கழுவி, சரியாக இரண்டு மணிக்கு முழங்காலில் நிற்பேன்.

நாங்கள் ஜெபிக்கும் விதம் தெரிந்தவர்களுக்கு மிச்சம் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலிக்கு முன்னால் முழங்காலிட்டு, உட்காரும் இடத்தில் கைகளை வைத்து, கைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வோம். முக்காடு போட்டிருப்பதால் வெளிச்சமும் வராது. மேலே ஃபேன் சுற்றும். தூங்குவதற்கென்றே யாரோ கண்டுபிடித்த மாதிரி.

முதல் நாள், கர்த்தாவே என்று தொடங்கியது நினைவிருக்கிறது. பிறகு போன் அடித்துக்கொண்டே இருந்தது. மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

"இன்னாமே, சங்கிலி உங்க வூட்டுலயே மாட்டிக்கினு கீதா?" என்றார் நாத்தனார்.

சாயங்காலம் தெருவில் பார்த்தபோது என் முகத்தைப் பிடித்துத் திருப்பினார். ஒயர் நாற்காலியின் கட்டம் கட்டமான பின்னல் என் கன்னத்தில் அப்படியே பதிந்திருந்ததாம். நான் எவ்வளவு ஊக்கமாக ஜெபம் செய்திருக்கிறேன் என்று பால் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கன்னத்தைக் காட்டினார்.

அந்த வாரம் என்னென்னவோ செய்து பார்த்தேன். காபியை இன்னும் கெட்டியாகப் போட்டுக் குடித்தேன். முகத்தில் பானைத் தண்ணீரை அடித்தேன். மிளகை வாயில் அடக்கிக்கொண்டேன். மிளகோடு தூங்கி, புரையேறி எழுந்தேன். இது மாம்சத்தின் பலவீனம், இன்னும் கடினமாக உபவாசம் இருந்தால் சரியாகும் என்று நினைத்துக் காலைக் காபியையும் விட்டேன். அது இன்னும் மோசம். மாவு அரைக்கும்போதே கண் இருட்டியது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயது ஆகிறது, வெயில் காலம் வேறு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

பாஸ்டரம்மா வீட்டுக்கே வந்து, காலை ஏழு மணிச் சீட்டோடு மாற்றித் தருகிறேன் என்று தன்மையாகச் சொன்னார். ஆண்டவரோடு கூட இருந்த சீஷர்களே தூங்கியிருக்கிறார்கள், இதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

"வேணாங்கம்மா. எனக்குன்னு வுழுந்த மணி இது. என் பொண்ணுக்காக ஊரே முழிச்சிக்கினு இருக்கும்போது, நான் ஒரு மணி நேரம் முழிக்கலைன்னா எப்டி?"

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்கும் தெரியவில்லை.

வழி, நான் நினைக்காத இடத்தில் கிடைத்தது. மகளை மாதப் பரிசோதனைக்கு அழைத்துப் போகத் திருப்பதி போயிருந்தேன். ஆஸ்பத்திரியில் கூட்டம். முறை வருவதற்குள் மணி இரண்டாகிவிட்டது. சரி, பெஞ்சிலேயே ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். விழித்தபோது என் தலை மகளின் தோளில் இருந்தது. எட்டு மாத வயிற்றோடு அவள் அசையாமல் என்னைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்கு என் போனிலிருந்து அத்தைக்கு மிஸ்டு காலும் அவளே கொடுத்துவிட்டிருந்தாள். எதிரில் ஒரு நர்ஸ் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எவுரம்மா இக்கட பேஷண்ட்டு?"

இரண்டு பேரில் யார் நோயாளி என்று கேட்கிறாள். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். மகளோடு எனக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னாள். முடிவு வந்தபோது, பிள்ளை சுமக்கிற என் மகளைவிட எனக்குத்தான் ரத்தம் குறைவு. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று தெலுங்கில் கேட்டாள். உபவாசம் என்றேன். மத்தியானம்? சம்பந்தியம்மா கட்டிக் கொடுத்த புளியோதரையை டப்பா நிறைய தின்றதைச் சொன்னேன். காலையில் காயப்போட்டு மத்தியானம் அடைத்தால் யானையும் தூங்கும் என்றாள். பிறகு, மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்துக்கொண்டே, கோபமில்லாமல் ஒன்று கேட்டாள்:

"தேவுடு ராகி ஜாவ வத்தண்ட்டாடா அம்மா?"

கேழ்வரகுக் கூழைக் கடவுள் வேண்டாம் என்றா சொல்கிறார்? அவள் நெற்றியில் குங்குமம் இருந்தது. எங்கள் உபவாசத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் சித்தூர் வரும் பஸ் முழுக்க அந்தக் கேள்விதான் என்னோடு வந்தது. நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். பெரிய விளக்கமெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஆண்டவருக்கு நான் கொடுப்பதாகச் சொன்னது அந்த ஒரு மணி நேரத்தை. என் காலி வயிறு அந்த நேரத்தைத் திருடிக்கொண்டிருந்தது. திருடனை வீட்டில் வைத்துக்கொண்டு அதற்கு பக்தி என்று பெயர் வைத்திருந்தேன். பாகாலா தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். உபவாசத்தை விடப்போவதில்லை, இடம் மாற்றி வைக்கப் போகிறேன்.

மறுநாளிலிருந்து காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ். சாயங்காலக் காபியையும் சேர்த்து, காபியைச் சுத்தமாக விட்டேன். எனக்கு அதுதான் உண்மையான உபவாசம், தலைவலி வாரக்கணக்கில் இருந்தது. மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போட்டுக்கொண்டேன். மத்தியானம் அந்தக் குவித்த சோறு இல்லை. சின்னதாக ஒரு களி உருண்டை, கீரை. என் வீட்டுக்காரர் தட்டையும் கூழ்ச் சொம்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உபவாசத்துல காலைல துன்றது இந்த சபையிலயே நீ ஒருத்திதாம்மே" என்றார். சொல்லிவிட்டு, மாவு தூக்கும் வேலையை அன்றிலிருந்து அவர் எடுத்துக்கொண்டார்.

சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் பாயில் படுத்துக்கொள்வேன், போனில் அலாரம் வைத்து. தூக்கத்துக்கு அதன் பங்கைக் கொடுத்துவிட்டால் என் பங்கில் அது கை வைக்காது. அப்புறம் முக்கியமாக, முழங்காலில் நிற்பதை விட்டேன். முக்காடு போட்டுக்கொண்டு, கண்களைத் திறந்தபடி, சமையல்கட்டிலிருந்து துவைக்கிற கல் வரைக்கும் நடந்து நடந்து ஜெபித்தேன். முதலில் மரியாதை இல்லாத மாதிரி இருந்தது. கண் திறந்திருந்தால் எல்லாம் தெரிகிறதே. கொடியில் காயும் சட்டை, பக்கத்து வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெரியவர், தண்ணீர் வராத குழாய். பிறகு, எது கண்ணில் பட்டதோ அதற்காகவே ஜெபித்தேன். நேரம் போனது தெரியவில்லை.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மாத்திரை வேலை செய்ய நாள் ஆகும். ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. ஃபேன் இல்லை, வெயில் ஓட்டின் வழியாக இறங்குகிறது, கால் கெஞ்சுகிறது. ஒரே நிமிஷம் என்று ஒயர் நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்று மணிக்குப் பிறகு நாத்தனார் கூப்பிட்டுத்தான் எழுந்தேன். அன்று அழுதேன். அழுது முடித்ததும் அந்த நாற்காலியைத் தலைகீழாகத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன்.

"அண்ணி, ஈஸ்டர் வரிக்கும் இது உங்க வூட்டுல இருக்கட்டும்."

"நாற்காலி இன்னாமே பண்ணுச்சி, பாவம்?" என்றார். ஆனால் சிரிக்கவில்லை. நாற்காலியை வாங்கி உள்ளே வைத்தார். அதற்குப் பிறகு என் மிஸ்டு கால் ஒரு நாளும் தவறவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரத்தில், மாவுப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது மருமகன் கூப்பிட்டார். வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. வீட்டுக்காரர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. நாத்தனாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். திருப்பதி பஸ் கிளம்பும்போது மணி ஒன்றரை. அன்று பாயில் படுக்கவும் இல்லை, களி தின்னவும் இல்லை.

ஜன்னலோர இடம் கிடைத்தது. இரண்டு மணிக்கு பூதலப்பட்டு தாண்டியிருந்தோம். கையில் போனை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஜன்னல் வழியாகச் சூடான காற்று முகத்தில் அடித்தது. பஸ் தொட்டில் மாதிரி ஆடியது. பக்கத்தில் இருந்தவர் வாயைத் திறந்து தூங்கினார், எதிரில் இருந்தவர் தூங்கினார், பஸ்ஸே தூங்கியது. மகள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதிப் பெயரில் என் தலை கம்பியில் இடித்தது.

எழுந்துவிட்டேன். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணை என் இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாகாலா கிராஸில் நிறைய பேர் இறங்கினார்கள். இடம் காலியானது. கண்டக்டர் வந்து, உட்காரம்மா, சீட் இருக்கிறதே என்று தெலுங்கில் சொன்னார். பரவாயில்லை என்றேன். மறுபடி வந்து சொன்னார். காலி பஸ்ஸில் முக்காடு போட்டுக்கொண்டு ஒருத்தி கம்பியில் தொங்கிக்கொண்டு நின்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும். கண் எரிந்தது. விடவில்லை. மலை தெரிய ஆரம்பித்தது. ரோட்டோரத்தில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை, மகளுக்கு ஒரு வார்த்தை என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

சந்திரகிரிக்குப் பக்கத்தில் மூன்று மணி ஆனது. மிஸ்டு கால் கொடுத்தேன். முதல் மணியிலேயே நாத்தனார் போனை எடுத்துவிட்டார். எடுக்கக் கூடாது என்பது சட்டம். பயந்துபோனேன்.

"நான் ரெண்டு மணிலேர்ந்தே முழங்கால்ல கீறேன்" என்றார். "பாவம், நீ பஸ்ல அசந்துடுவே, இன்னிக்கின்னு பார்த்து சங்கிலி அறக்கூடாதுன்னு."

"அசரலை அண்ணி. நின்னுகினே வரேன்."

அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் கேட்கவில்லை.

"சரி, உக்காரு. இப்போ என் மணி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

உட்கார்ந்தேன். திருப்பதி வந்ததும் கண்டக்டர்தான் தோளைத் தட்டி எழுப்பினார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். மறுநாள் மத்தியானம் மகள் அசந்து தூங்கினாள். சம்பந்தியம்மா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துத் தூங்கினார். குழந்தை சிணுங்கியது. யாரும் எழுவதற்குள் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வராண்டாவுக்கு வந்தேன். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் நடக்க ஆரம்பித்தேன். கொஞ்ச தூரத்திலேயே அவள் தூங்கிவிட்டாள். நான் நடந்துகொண்டிருந்தேன், மூன்று மணி வரைக்கும்.