சண்டை வராத கராட்டிப் படம்

குஞ்சியம்மா ஊரில் இறந்து அந்தியேட்டி முடியும்வரை, முப்பத்தொரு நாள், கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அப்பார்ட்மெண்டில் ரிவி போடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். எனக்குப் பத்து வயது. குஞ்சியம்மாவை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், ரிவிக்காகத்தான் அதிகம் துக்கப்பட்டேன்.

அப்பாவின் தம்பியான குஞ்சியப்பா எங்களோடுதான் இருந்தார். மனைவியான குஞ்சியம்மாவைக் கனடாவுக்கு எடுக்கப் போட்ட பேப்பர் சரிவரவில்லை. செத்தவீட்டுக்குப் போக அவரிடம் பாஸ்போர்ட்டும் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துப் பகிடி விட்டுச் சிரிக்கவைத்துக்கொண்டு திரிந்தார். "தம்பி ஒருக்கா வாய்விட்டு அழுதால்தான் எனக்கு நிம்மதி" என்று அம்மா குசினிக்குள் சொல்லிச் சொல்லிப் பயந்தார்.

முப்பத்திரண்டாம் நாள் சனிக்கிழமை. குஞ்சியப்பா லைப்ரரியிலிருந்து ஒரு ஜப்பான் படக் கசெற் கொண்டுவந்தார். "கராட்டிப் படம் பிள்ளை, அடி பறக்கும்" என்றார். ஜப்பான்காரர் வேறு எதற்குப் படம் எடுக்கப்போகிறார்கள் என்று நானும் நம்பினேன். படத்துக்குக் கீழே ஓடும் இங்கிலிஷ் எழுத்தைத் தமிழில் சொல்வது என் வேலை. இமிகிரேஷன் கடிதத்திலிருந்து மருந்துப் போத்தல்வரை வீட்டில் எல்லாவற்றுக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது.

படத்தில் ஒரு மீனவன். அவன் கடலில் இருந்தபோது மனைவி செத்துப்போனாள். அவன் தினமும் சோறு சமைத்து இரண்டு கோப்பையில் போட்டான். அரை மணி நேரமாகச் சோறுதான்.

"உது கராட்டிப் படமோ, சமையல் படமோ?" என்றார் அப்பா.

"பொறுங்கோ அண்ணை, இனித்தான் தொடங்கும்" என்றார் குஞ்சியப்பா.

அவருடைய மானம் கப்பலேறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. சண்டையை நானே கொண்டுவந்தேன். எதிரிகள் வருகினமாம், வாள் தீட்டுறானாம் என்று அளந்துவிட்டேன். கடைசியில் அவன் மற்றக் கோப்பையைப் பார்த்து, 'உன் முகத்தைக்கூடக் கடைசியாகப் பார்க்கவில்லையே' என்றான்.

"நாளைக்கு எல்லாரையும் வெட்டுவானாம்" என்றேன்.

குஞ்சியப்பா விம்மி விம்மி அழத் தொடங்கினார்.

"அவன் வெட்டுறதுக்கு நீ ஏன்ரா அழுகிறாய்?" என்று அப்பா திகைத்துப்போனார்.

"அழட்டும், விடுங்கோ" என்றார் அம்மா.

அடுத்த சனிக்கிழமையும் குஞ்சியப்பா அதே கசெற்றோடு வந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இண்டைக்கு வாசிக்க வேண்டாம், பிள்ளை."

சண்டையே இல்லாத படத்தை ஏன் இரண்டாம் தரம் பார்க்கிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என் புளுகைக் கண்டுபிடித்து வேலையை விட்டு நிறுத்திவிட்டார் என்றுதான் நினைத்தேன். அந்தக் கிழமை முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை.