வெளிச்சுவரில் தொங்கிய கட்டை

வெள்ளைக்காரன் காலத்தில், ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலிருந்து என்னைப் பூந்தமல்லிக்கு அருகே ஒரு ஜில்லா போர்டு பள்ளிக்கு அனுப்பினார்கள். ஒன்றாம் வகுப்பின் பின்சுவரோரம் உட்கார்ந்து, வாத்தியார் வகுப்பை எப்படிக் கட்டி ஆள்கிறார் என்று பார்ப்பது என் வேலை.

அவர் பிரம்பு எடுக்காதவர். அவருடைய ஆட்சி முழுவதும் ஒரு மரக்கட்டையில் இருந்தது. ஒன்றுக்குப் போகிற பிள்ளை அனுமதி கேட்டு, மேசைமேல் கிடக்கும் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அது திரும்பி வந்தால்தான் அடுத்த பிள்ளை எழலாம். கட்டை கையில் இல்லாமல் யாரும் வாசற்படி தாண்டக் கூடாது. பாடத்தில் நான் படித்திருந்த எந்த முறையும் இவ்வளவு மலிவாகவும் அமைதியாகவும் நடந்ததில்லை.

சேரியிலிருந்து ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். கதவோரம் இடம் கொடுத்தார்கள். மறுநாள் அவளும் கட்டையை எடுத்துக்கொண்டு போய்வந்தாள். அடுத்து எழுந்த பையன் அதைப் பார்த்தபடி நின்றான்.

"அவ தொட்டுட்டா சார். எங்கூட்ல தெரிஞ்சா அடிப்பாங்க."

சாயங்காலமே ஊர்க்காரர்கள் சிலர் வந்து வாத்தியாரிடம் மெதுவான குரலில் பேசிவிட்டுப் போனார்கள்.

வாத்தியார் நியாயம் தெரிந்தவர். பெண்ணை நிறுத்தவில்லை. அவளுக்கென்று தனிக் கட்டை செய்து, மற்றவர்கள் கை படாதபடி வெளிச்சுவரில் ஆணியடித்து மாட்டினார். கட்டை இல்லாமல் படி தாண்டக் கூடாது. கட்டையோ படிக்கு அந்தப் பக்கம். இடைவேளையில் இதைச் சொன்னேன். யாராவது எடுத்துக் கொடுக்கட்டுமே என்றார். யார் தொடுவார்கள் என்று கேட்டேன். ஒருத்திக்காக விதியைத் தளர்த்தினால் வகுப்பு முழுவதும் வெளியேதான் நிற்கும் என்றார். முறைப்படி அதில் பிழையில்லை.

அதன்பின் அவள் அனுமதி கேட்கவேயில்லை. பகல் மணி அடிக்கும்வரை காலை இறுக்கி மடக்கி, ஆடாமல் உட்கார்ந்திருப்பாள். இவளைப் போல இருங்கள் என்று வாத்தியார் மற்றவர்களுக்குச் சொன்னார்.

சில நாள் கழித்து அவள் தாய், நாற்று நட்ட சேறு காலில் காயாமல் வந்து, படிக்குக் கீழே நின்றாள்.

"சாமி, புள்ள காலைல கூழு குடிக்கிறதில்ல. தண்ணி வாயில வெக்கிறதில்ல. கேட்டா, இஸ்கூலுக்குப் போவணும்னுது. நான் சொன்னா கேக்கல. குடிக்கச் சொல்லி நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

வாத்தியார் பெண்ணை எழுப்பி, தண்ணீர் குடிக்காமல் வரக் கூடாது என்று கனிவாகவே சொன்னார்.

"குடிச்சா வெளிய போவலாமா சார்?"

அவர் மேசைமேல் இருந்த கட்டையைச் சற்று நகர்த்தி வைத்தார்.

தாய்க்கு விளங்கவில்லை. பெண் கையை நீட்டி வெளிச்சுவரைக் காட்டி, தன் கட்டை அங்கே இருப்பதையும், அது இல்லாமல் படி தாண்டக் கூடாது என்பதையும், பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். தாய் தன் தோளருகே தொங்கிய கட்டையைப் பார்த்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"சிலேட்ட எடுத்துக்கினு வா" என்றாள்.