பரீதா ரீச்சர் கேட்காத காணி

சனிக்கிழமை காலையில் கைபேசியில் பரீதா ரீச்சரின் பெயரைப் பார்த்தபோது, ஸ்கூட்டி மறுபடி எங்கேயோ நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். விடுமுறை நாளில் அவர் வேறு எதற்கும் அத்தனை காலையில் எடுப்பதில்லை. "எந்த இடத்தில நிக்கிறியள்?" என்று கேட்டேன். மறுமுனையில் பேசியது அவருடைய மகள் ஷிபா. "ஆன்ரி, உம்மா மவுத்தாகிட்டா" என்றாள். விடியத் தொழுகைக்கு எழும்பியவர் நெஞ்சு நோகிறது என்று படுத்திருக்கிறார். ஓட்டோ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கனகராயன்குளத்தில் எங்களோடு படிப்பித்தவர்களுக்கும், அவரிடம் கணக்குப் படித்த பிள்ளைகளுக்கும் அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவருடைய ஸ்கூட்டியையும் நீங்கள் அறிவீர்கள். வவுனியாவிலிருந்து தினமும் வந்துபோன அந்த வண்டி பழுதாகாத மாதம் இல்லை. கருத்தரங்கு, பரீட்சை மேற்பார்வை என்று அதன் பின்சீற்றில் இருந்து நான் போன தூரம் கொஞ்சமல்ல.

ஒருமுறை பளைக்குப் போகும் வழியில் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிழலில் சாய்த்துவிட்டுக் கையைக் காட்டினார். ஆள் நடமாட்டம் இல்லாத இடம். "நிப்பாட்டாதேங்கோ, ஆரெண்டு தெரியாது" என்று நான் பரீதா ரீச்சரின் தோளைப் பிடித்தேன். அவர் நிறுத்தினார். பெற்றோல் முடிந்துபோன மனிதர். எங்கள் வண்டியின் குழாயைக் கழற்றித் தண்ணீர்ப் போத்தலில் பெற்றோல் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டோம். போகும்போது பரீதா ரீச்சர் சொன்னார்: "றோட்டில நிக்கிற ஆளிட்ட பேரும் ஊரும் கேக்கக்கூடாது ரீச்சர். என்ன பழுது எண்டுதான் கேக்கோணும்."

அவர் முல்லைத்தீவில் பிறந்தவர். முஸ்லிம்கள் வடக்கை விட்டு வெளியேற வேண்டிவந்தபோது சின்னப் பிள்ளையாக உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய், புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தார். திரும்பி வந்தபின் வவுனியாவில் வாடகை வீடுதான். கணவர் இறந்த பிறகு மகளோடு வீடு வீடாக மாறிக்கொண்டிருந்தார். அவருடைய உம்மா சாகும் தறுவாயில், பக்கத்தில் இருந்த மகளிடம் மட்டும், வாப்பாவின் காணி எங்கே இருக்கிறது என்று அடையாளம் சொல்லியிருந்தார்: கடற்கரைக்குத் திரும்பும் ஒழுங்கை, பெரிய புளியமரம், அதனருகே கிணறு. அதைப் பார்த்துவர வேண்டும் என்று ஒரு பங்குனி விடுமுறையில் என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

முள்ளிவாய்க்காலைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ஸ்கூட்டியின் பெல்ற் அறுந்தது. எஞ்சின் ஓடியது, சில்லு சுற்றவில்லை. அனல் வெயில். இருவரும் தள்ளிக்கொண்டு நடந்தோம். எதிரே சைக்கிளில் மீன்பெட்டியோடு வந்த ஒருவர் இறங்கி, ஒன்றும் கேட்காமல் வண்டியை வாங்கித் தள்ளத் தொடங்கினார். பெயர் யோகன். ஒழுங்கைக்குள் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோய் எங்களை நிழலில் இருத்திவிட்டு, பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு பெல்ற் தேடிப் போனார். முல்லைத்தீவில் கிடைக்காமல் புதுக்குடியிருப்பு வரை போயிருக்கிறார். அவருடைய மனைவி செல்வி, பரீதா ரீச்சரின் முக்காட்டைப் பார்த்துவிட்டு, "மீன்தான் அக்கா, பயப்பிடாமச் சாப்பிடுங்கோ" என்று சோறு போட்டார். அவர்களும் பல இடம் பெயர்ந்தவர்கள். கடைசிச் சண்டையில் ஒரு மகனைப் பறிகொடுத்துவிட்டு, வெறுமையாய்க் கிடந்த அந்தக் காணியில் வந்து குந்தியவர்கள். அதைச் செல்வியே சொன்னார். பரீதா ரீச்சர் தலை குனிந்தபடி சாப்பிட்டார்.

வண்டி சரியாகி, பிரதான வீதிக்கு ஏறியதும் பரீதா ரீச்சர் நிறுத்தினார்.

"ரீச்சர், அதுதான் எங்கட காணி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. புளியைப் பார்த்ததும் சந்தேகம் வந்ததாகவும், கிணற்றைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துவிட்டதாகவும் சொன்னார்.

"பிறகேன் சொல்லேல்ல?"

"சோறு போட்ட ஆக்களை எழும்பிப் போங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது? அந்தப் பிள்ளை போன கதையைக் கேட்டனீங்கள்தானே." பிறகு, "தம்பிமாருக்குத் தெரிஞ்சா வழக்குப் போடுவினம். நீங்கள் ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

அதன் பின் ஒவ்வொரு விடுமுறையிலும் அங்கே போய்வந்தார். நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுபோவார். வரும்போது கருவாடு கொண்டுவருவார். இதற்கிடையில் வாடகை வீட்டுக்காரர் எழுப்பிவிட்டார். ரீச்சர் வேறொரு வீட்டுக்கு மாறினார். அந்த வீட்டில் வேறு மூன்று குடும்பங்களோடு ஒரு குழாய்த் தண்ணீரைப் பங்குபோட வேண்டியிருந்தது. "சொந்தமா ஒரு கிணறு இருந்தாப் போதும், வேறொண்டும் வேண்டாம்" என்று ஒருநாள் ஆசிரியர் அறையில் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். அது எந்தக் கிணறு என்று எனக்கு மட்டும் தெரியும். "ஒருக்கா அவையளிட்ட கதைச்சுப் பாருங்கோவன்" என்று நான் பலமுறை சொன்னேன். "அடுத்த முறை பாப்பம்" என்பார்.

மையத்து அன்றே அடக்கப்பட்டது. நான் தொலைபேசியில் சொல்லியிருந்தபடியால் மறுநாள் யோகனும் செல்வியும் பஸ் ஏறி வந்தார்கள். யோகன் வாசலில் ஆண்களோடு நின்றார். செல்வி உள்ளே வந்து ஷிபாவைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டார்.

"ரீச்சர், அது அவவின்ர காணிதானே?"

நான் ஆமென்று தலையாட்டினேன்.

"எங்களுக்கு முதல் நாளே தெரியும். நீங்கள் முகம் கழுவப் போன நேரம், கிணத்துக்கு மற்றப் பக்கமும் படி இருந்ததே எண்டு கேட்டவா. அந்தப் படியை இவர்தான் கிணறு இறைக்கேக்க மண்ணுக்குள்ள கண்டவர். வெளியாளுக்கு அது எப்பிடித் தெரியும்?"

"பிறகு ஏன் நீங்கள்..."

"பயம் ரீச்சர். திரும்பவும் எங்க போறது? ஒவ்வொருக்கா அவா வரேக்கையும் இண்டைக்குக் கேக்கப்போறா எண்டு நெஞ்சு இடிக்கும். கேக்காமப் போயிடுவா. போன கையோட இவர் சொல்லுவார், அடுத்த முறை வந்தா நாங்களே பாதியைப் பிரிச்செடுக்கச் சொல்லுவம் எண்டு. ஒரு மூலையில வீடு கட்டியிருக்கலாம். ஒரே கிணத்தில அள்ளியிருக்கலாம்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இரண்டு பக்கத்திலும் நல்ல மனிதர்கள். இரண்டு பக்கமும் அடுத்த முறைக்கென்று வைத்திருந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் என்னால் தாங்க முடிவதில்லை. அவர் கெட்டவர்களிடம் அகப்பட்டிருந்தால் ஒருவேளை சண்டை பிடித்தாவது தன் காணியில் ஒரு மூலையை வாங்கியிருப்பார்.

புறப்படும்போது யோகன் என்னிடம், "பிள்ளையை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

ஷிபாவுக்கு அந்தக் காணியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவளுடைய மாமன்மாருக்கு இடம் தெரியாது. பரீதா ரீச்சர் என்னிடம் விட்டுச்சென்றது அந்த ஒழுங்கைக்குப் போகும் வழி. வருகிற விடுமுறையில் அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். இவள் அந்தக் காணிக்காரரின் பேத்தி என்பதை உள்ளே போய் இருந்த பிறகு அல்ல, வாசல் படலையில் வைத்தே சொல்லிவிடுவேன்.