கனகபாய் பார்த்த படமும் நான் சொன்ன படமும்

எங்கள் வீட்டில் படம் பார்ப்பது இப்படி: நான் படத்தைப் பார்ப்பேன். என் மருமகள் ஷைனி, அதற்கு எத்தனை நட்சத்திரம் என்று போனில் பார்ப்பாள். போனுக்குள் தாடி வைத்த ஒருவர் இருக்கிறார். அவர் சொல்லி முடித்த பிறகுதான் நாங்கள் பார்த்தது நல்ல படமா இல்லையா என்று அவளுக்குத் தெரியும்.

போன மாதம் மூன்று படம் ஆயிற்று. முதல் படத்தில் துப்பாக்கிதான் நடித்தது. சுட்டவன் யாரென்றும் தெரியவில்லை, செத்தவன் யாரென்றும் தெரியவில்லை. தாடிக்காரர் நாலு நட்சத்திரம் கொடுத்தார். இரண்டாவது படத்தில் ஒரு மனிதர் சன்னலோரம் நின்று மழையைப் பார்த்தார். நான் எழுந்து போய்க் கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். அவர் இன்னும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் படத்தில் மௌனம் பேசுகிறது என்று தாடிக்காரர் உருகிப்போனார். என்ன பேசியது என்று அவரும் சொல்லவில்லை.

மூன்றாவது, ஆஸ்பத்திரியில் கிடக்கிற மாமியாரும் அவளோடு பேசாத மருமகளும். இரண்டு இடத்தில் நான் அழுதேன், ஷைனி மூன்று இடத்தில் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டே போனைப் பார்த்து, “இது கொள்ளாதாம் மாமி, ஒண்ணரைதான்” என்றாள்.

“பின்ன அழுதது ஆரு பிள்ளே?”

“அது சும்மா வந்துது” என்றாள். அவளுடைய கண்ணீரைக்கூட அந்த ஆளைக் கேட்டுத்தான் நம்பவேண்டும்.

எனக்குக் கோபம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு காலத்தில் நானும் இந்த உத்தியோகம் பார்த்திருக்கிறேன். தாடி மட்டும்தான் இல்லை.

மூன்றாவது படம் பார்த்த அன்று ஷைனி பாயசத்துக்கு நெய்யில் முந்திரிப்பருப்பு வறுத்துக்கொண்டிருந்தாள். உங்களுக்கு அது பாயச வாசனை. எனக்கு வேலைக்குப் போகிற வாசனை. கல்யாணம் ஆன இரண்டாம் வருடத்திலிருந்து கருங்கல் பக்கத்தில் ஒரு முந்திரி ஆலையில் இருந்தேன். அண்டியாபீஸ் என்போம். ஆபீஸ் என்றதும் நாற்காலி, மின்விசிறி என்று நினைத்துவிடாதீர்கள். நீளக் கொட்டகையில் தரையில் வரிசையாக உட்கார்ந்து பருப்பின் தோலை உரிக்கிற ஆபீஸ். கொட்டை உடைக்கிறவர்கள் அடுத்த கொட்டகையில் இருந்தார்கள். கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டு அவர்கள் கையெல்லாம் கருத்திருக்கும். எங்கள் கைக்கு வேலை இருந்தது, வாய்க்கு இல்லை. அந்த வாய்களையெல்லாம் மூடி வைத்தது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில் படம் பார்த்துவிட்டு வந்து திங்கட்கிழமை சொல்லத் தொடங்குவேன். புதன்கிழமை மத்தியானம் வரை ஓடும். இடைவேளையும் உண்டு, கஞ்சி குடிக்கிற நேரம். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லமாட்டார். கதை நன்றாக இருந்தால் கை தானாக ஓடும் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் தீர்ப்புச் சொல்வேன். கொள்ளாம் என்றால் அந்த வாரம் பத்துப் பேர் போவார்கள். கொள்ளாது என்றால் ஒருத்தியும் போகமாட்டாள். இதில் எனக்கு எவ்வளவு தலைக்கனம் இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவளின் வாயை நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை, நாளைக்குப் புதுப்படம் பார்க்கப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மகனுக்குக் காய்ச்சல் கொதித்தது. டாக்டரிடம் கொண்டுபோய் ஊசி போட்டுத் திரும்புகிற வழியில், தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் ஒன்று வாங்கியதோடு சரி. படம் பார்க்கவில்லை என்று திங்கட்கிழமை சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்ல வாய் வரவில்லை. பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் ஒரு பக்கம் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். மனைவியை ஊரில் விட்டுவிட்டுப் புருஷன் வெளிநாட்டுக்குப் போகிறான். கடிதம் நின்றுபோகிறது. பிறகு என்ன நடந்தது என்பதை வெள்ளித்திரையில் காணச் சொல்லி அதோடு விட்டுவிட்டார்கள். வெள்ளித்திரையில் காணமுடியாதவள் என்ன செய்வாள்? மீதியை நானே எடுத்தேன். அவன் உடம்புக்கு முடியாமல் கிடந்தான், அதனால்தான் கடிதம் இல்லை, கடைசியில் பஸ்ஸில் வந்து இறங்குகிறான் என்று முடித்தேன். எல்லாரும் அழுதார்கள். கொள்ளாம் என்று தீர்ப்பும் சொன்னேன்.

என் பக்கத்தில் உட்காருகிறவள் கனகபாய். கல்யாணம் முடிந்து ஆறு மாதம். புருஷனுக்குத் துபாய் விசா வந்திருந்தது. வெள்ளிக்கிழமை பயணம். போவதற்கு முன்னால் வியாழக்கிழமை மேட்னி ஷோவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைவிட்டு வெளியே போவதே அதுதான் முதல் தடவை. “எந்தப் படத்துக்குப் போகட்டு மக்கா?” என்று என்னிடம் கேட்டாள். அந்த நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். “இதுக்கே போ, ஒனக்குண்ணே எடுத்த மாதிரி இருக்கு” என்றேன்.

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. சனிக்கிழமை வந்தாள், கண் வீங்கியிருந்தது. புருஷன் போனதற்கு அழுதிருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தோம். நான் மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல் தோலை உரித்தேன். படம் எப்படி என்று வரிசை முழுக்கக் கேட்டது. கனகபாய் முறத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, “இவ சொன்னது போலதான். அவன் பஸ்ஸில வந்து எறங்குவான் பாரு, அப்பம் நான் கரைஞ்சுபோயிட்டேன்” என்றாள். அதோடு விடவில்லை. கடைசிக் காட்சியை அவளே ஒரு தடவை சொன்னாள், நான் சொன்னதைவிட நீளமாக. வெள்ளிக்கிழமையே தியேட்டரில் படம் மாறிவிட்டதால் வேறு ஒருத்திக்கும் அதைப் பார்க்க வாய்க்கவில்லை.

எனக்கு வந்த பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாதிக் கதையைப் படித்து மீதியை அச்சு மாறாமல் சொல்லிவிட்டேனே! இத்தனை வருடமும் அந்தப் பெருமையிலேயே இருந்தேன். கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும்கூட எடுத்துவிட்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். காலத்தை வென்ற படம் என்று தாடிக்காரர் ஐந்து நட்சத்திரமும் அள்ளிக் கொடுத்திருந்ததால் ஷைனியும் வந்து உட்கார்ந்தாள். நான் அவளுக்கு முன்கூட்டியே முடிவைச் சொல்லி, பாரு பாரு என்று காத்திருந்தேன். புருஷன் வரவே இல்லை. போன ஊரில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். மனைவி கிணற்றில் விழுந்து செத்தாள். பஸ்ஸும் இல்லை ஒன்றும் இல்லை.

“மாமி, நீங்க சொன்னது வேற படமாக்கும்” என்றாள் ஷைனி. மறுநாள் விமானம் ஏறப்போகிற புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பார்த்த பெண்ணையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கனகபாய் இப்போது தேங்காய்ப்பட்டணத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். ஷைனிதான் போன் போட்டுக் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் கனகபாய் சிரித்தாள்.

“நீ அந்தப் படம் பாக்கலண்ணு எனக்கு அண்ணைக்கே தெரியும் ஏட்டி.”

“பின்ன ஏன் எனக்க மானத்தக் காப்பாத்தின?”

“ஒனக்க மானம் ஆருக்கு வேணும்? அவரு போன பொறவு எனக்கு அந்தக் கெணறுதான் கண்ணுல நிண்ணுது. கண்ண மூட முடியல்ல. அதுக்குத்தான் ஒனக்க முடிவ எடுத்துச் சொன்னேன். நாப்பது பேரும் ஆமாம்ணு கேட்டாளுவ இல்லியா? சொல்லச் சொல்ல அதுதான் படம்ணு ஆயிப்போச்சு.”

அவளுக்குக் கடிதம் வராமல் ஏழு மாதம் இருந்தது எனக்குத் தெரியும். மூன்றாம் வருடம் அவர் வந்தார். பஸ்ஸில் இல்லை, டாக்ஸியில். அதன்பின் நெடுங்காலம் கூட இருந்து, போன ஆண்டுதான் போய்ச் சேர்ந்தார். இதற்கும் என் படத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஏழு மாதமும் வரிசையில் யாராவது, “அந்தப் படத்தில உள்ளது போல வந்திருவாரு கனகம்” என்று சொல்லுவார்கள். அவளும் தலையாட்டிவிட்டுத் தோலை உரிப்பாள்.

அந்த ஆலையை மூடி எத்தனையோ வருடமாயிற்று. கொட்டகையும் இல்லை. வரிசையில் இருந்தவர்களில் பாதிப்பேர் இல்லை, மீதிப்பேர் யார் யார் வீட்டிலோ. அவள் பார்த்த படத்தை டிவியில் இனியும் போடுவார்கள், ஐந்து நட்சத்திரமும் கொடுப்பார்கள். நாங்கள் நாற்பது பேர் அழுத படத்தை எங்கே போய்த் தேடுவது?

போனை வைப்பதற்கு முன்னால் கனகபாய் கேட்டாள். “அவன் பஸ்ஸ விட்டு எறங்கினதும் அவகிட்ட மொதல்ல ஒரு வார்த்த சொல்லுவான் இல்லியா? நீ சொல்லுவியே. அது என்னது?”

எனக்கும் நினைவில்லை.