தோல் கத்தியால் மூன்றாக வெட்டிய புத்தகம்

திண்டுக்கல்லில் புத்தகக் கண்காட்சி போட்டுவிட்டால் எனக்கு நாக்கில் ருசி தங்காது, கடையில் கால் தரிக்காது. கவிதை, சமையல், ஜோதிடம் எல்லாவற்றையும் தாண்டி, பந்திக்கு இடம் பிடிக்கிறவனைப் போல நேராக அரசியல் புத்தகங்கள் இருக்கிற மேசைக்குப் போய் நிற்பேன். சாதி, கலவரம், தண்ணீர்ச் சண்டை, எந்த நாட்டில் யார் யாரைக் கவிழ்த்தார்கள் என்று புதிதாக எது வந்திருந்தாலும் கை துறுதுறுக்கும். இத்தனைக்கும் இந்த உலகத்தில் என் அதிகாரத்துக்கு உட்பட்டது என் கடையிலிருக்கும் ஜெராக்ஸ் மெஷின் ஒன்றுதான். அதுவும் சொன்ன பேச்சைக் கேட்காது.

இந்த முறை கண்காட்சியின் கடைசி நாளன்றுதான் அந்தப் புத்தகம் கண்ணில் பட்டது. அதிகாரம் எப்படிப் பிறக்கிறது, எப்படிக் கைமாறுகிறது, எப்படிப் பறிபோகிறது என்று செங்கல் கனத்துக்கு ஒருவர் எழுதியிருந்தார். நான் கை வைத்த அதே நேரத்தில் இன்னும் இரண்டு கைகள் அதன்மேல் விழுந்தன. ஒன்று, என் கடைக்கு நேர் எதிரே தோல் மண்டி வைத்திருக்கும் பாயுடையது. இன்னொன்று, சாணார்பட்டிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுக்கும் டீச்சருடையது. கேள்வித்தாள் நகல் எடுக்க என் கடைக்கு வந்து, அப்படியே நாட்டு நடப்பையும் அலசிவிட்டுப் போகிறவர். மூன்று பேரும் ஒன்றாகத்தான் கண்காட்சிக்குப் போயிருந்தோம். ஆனால் அந்த மேசைக்கு முன்னால் யாருக்கும் யாரையும் தெரியவில்லை.

"இதுதான் சார் கடைசி. இன்னொண்ணு இருந்துச்சு. செத்த நேரத்துக்கு முன்னாலதான் ஒருத்தர் தூக்கிட்டுப் போனாரு" என்றார் கடைக்காரர்.

சேர்ந்து வாங்கினோம். யார் முதலில் படிப்பது என்பதில் தகராறு வந்தது. பாய் என்னைப் பார்த்து, "மாப்ள, நீ ஒரு புத்தகத்த எடுத்தா அடுத்த கண்காட்சிக்குத்தான் கீழ வைப்ப" என்றார். அது அவதூறு என்று சொல்ல முடியவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரனான எனக்கு மூன்று நகல் போடும் யோசனை வராமல் இல்லை. வாயைத் திறப்பதற்குள் டீச்சர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

"எழுதுனவரு வயித்துல அடிக்கலாம்னு பாக்குறீங்களாண்ணே?"

மண்டிக்குத் திரும்பியதும் பாய் தோல் வெட்டும் கத்தியை எடுத்தார். ஆட்டுத்தோலை அளவாக அறுத்துப் பழகிய கை. புத்தகம் முனகக்கூட இல்லை, மூன்றாகப் பிரிந்தது. கழித்துப் போட்ட துண்டுத் தோலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை போட்டுக் கொடுத்தார். மக்களுக்கு ஏன் கோபம் வருகிறது என்ற முதல் பாகம் டீச்சருக்கு. அதிகாரத்தை எப்படிக் கைப்பற்றுவது என்ற நடுப்பாகத்தைப் பாய் கேட்டு வாங்கிக்கொண்டார். கைப்பற்றியவர்கள் எப்படிக் கவிழ்ந்தார்கள் என்ற கடைசிப் பாகம் எனக்கு. வாராவாரம் மாற்றிக்கொள்வது என்று ஒப்பந்தம்.

பாய் நடுப்பாகத்தைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தெரு வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர் பதவிக்கு அவர் நிற்கப் போகிறார். அதற்குக் காரணம் சாக்கடை. மழை பெய்தால் அது நேராக அவருடைய மண்டிக்குள்தான் வரும். உப்புப் போட்டு அடுக்கிய தோல் ஒருமுறை அதில் ஊறிவிட்டால் தூக்கித்தான் எறிய வேண்டும். செயலாளராக வெகுகாலம் இருந்துவரும் பாத்திரக்கடை அண்ணனிடம் எப்போது போய்ச் சொன்னாலும் ஒரே பதில்: "பாத்துக்கலாம் பாய்." இன்னொரு மழைக்காலம் இப்படிப் போனால் மண்டியை மூட வேண்டியதுதான் என்று பாய் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பு மீசையோடு நின்றுவிட்டது.

என் பாகம் 'ஆகவே' என்று ஆரம்பித்தது. ஆகவே அவனை அவனுடைய ஆட்களே கைவிட்டதில் வியப்பில்லையாம். எவனை? என்ன செய்தான்? அதெல்லாம் பாயிடம் இருக்கும் நடுப்பாகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. சாப்பாட்டில் உட்கார்ந்தாலும் அந்த ஆகவேதான் நினைவு.

வாரம் முடிந்ததும் போய்க் கேட்டேன். "எலெக்‌ஷன் முடியட்டும் மாப்ள" என்று நடுப்பாகத்தை இடுப்புக்குப் பின்னால் மறைத்தார். அதிகாரம் பற்றிய புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்கு கைக்கு வந்ததற்கே மனிதர் இப்படி ஆகிவிட்டார்.

"என்னதான் போட்டிருக்கு அதுல?"

"பக்கம் பக்கமா இருக்கு. ஒவ்வொருத்தனையும் தனியாக் கூப்பிட்டு, தனியா ஆச காட்டணுமாம். நான் ஆரம்பிச்சிட்டேன்."

டீச்சருக்கு இது பிடிக்கவில்லை. "சனங்களுக்குக் கோவம் வாரது பசியினால இல்ல, காக்க வச்சதினாலன்னு என் பாகத்துல இருக்கு பாய். நீங்க சாக்கடையப் பத்திப் பேசுங்க, அது போதும்."

"அது சனங்களுக்கு டீச்சர். இது சங்கம்."

தேர்தலன்று தெருமுனை மண்டபத்தில் கூட்டம். திருவிழா போல ஒரே சத்தம். நான் கடையை அரைநாள் மூடிவிட்டு முதல் ஆளாகப் போய் இடம் பிடித்தேன். படித்த புத்தகம் ஒன்று கண்ணெதிரே நடக்கப் போகிறது என்றால் சும்மாவா? ஓட்டு இல்லாத டீச்சர்கூட வாசலில் வந்து நின்றிருந்தார்.

பாய் மேடையில் ஏறி மைக்கைத் தட்டும்போது, எனக்கு முன் பெஞ்சில் பேக்கரிக்காரர், டீ கொடுத்துக்கொண்டு வந்த டீக்கடைக்காரரிடம் சொன்னார்: "வருங்காலத் துணைச் செயலாளர் சொல்றேன், சீனி கம்மியாப் போடு."

பக்கத்திலிருந்த செல்போன் கடைக்காரர் திரும்பினார். "யாரு, நீயா? ஏலே, அது நானுல்ல!"

"என்னப்பா உளர்றீங்க? என்கிட்டயில்ல பாய் கையடிச்சுக் கொடுத்தாரு" என்றார் மெத்தைக்கடைக்காரர். டீக்கடைக்காரரும் தட்டைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கும் அதே பதவிதான்.

"பாய்!" என்று பேக்கரிக்காரர் எழுந்தார். "மேடையில துணைச் செயலாளருக்கு ஒரு நாற்காலிதான் கிடக்கு. நாங்க நாலு பேரும் யாரு மடியில யாரு உக்காருறது?"

மண்டபம் சிரித்துப் புரண்டது. பாயின் முகம் உப்புப் போட்ட தோலாகச் சுருங்கியது. பாத்திரக்கடை அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

வாசலிலிருந்து டீச்சரின் குரல், ஐம்பது பிள்ளைகளை அடக்கும் குரல், சிரிப்பைக் கிழித்துக்கொண்டு வந்தது. "சாக்கட, பாய்! சாக்கடயச் சொல்லுங்க!"

பாய் கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நாலு பேர்கிட்டயும் சொன்னேன், வாஸ்தவந்தான். புத்தகத்தப் படிச்சுக் கெட்டுப்போயிட்டேன். இப்ப யாருக்கும் எதுவும் இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். மழ பேஞ்சா என் மண்டிக்குள்ள முழங்கால் தண்ணி. மெத்தக்கடையில பஞ்சு மெதக்குது. பேக்கரியில மைதா நனையுது. இம்புட்டு நாளா நம்மள எல்லாரையும் 'பாத்துக்கலாம்'னு நிக்க வச்சிருக்காங்க. நான் வந்தா மொத வேல அந்தச் சாக்கடதான். அம்புட்டுத்தான்."

அப்புறம் நடந்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. சண்டைக்கு நின்ற பேக்கரிக்காரரே முதலில் கை தூக்கினார். பின்னாலேயே மண்டபத்தில் கிட்டத்தட்டப் பாதிக் கைகள். நான் உற்சாகத்தில் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டு, ஒன்றைக் கீழே இறக்கச் சொல்லித் திட்டு வாங்கினேன். ஆனாலும் பாய் தோற்றார். நாலைந்து கை வித்தியாசத்தில்தான், ஆனால் தோல்வி தோல்விதான். மண்டியைக் கைகழுவ வேண்டியதுதானா என்று அன்று மாலை மூன்று பேரும் டீயை ஆறவிட்டோம்.

மறுநாள் காலை கடையைத் திறக்கப் போனால் தெருவில் மண்வெட்டிச் சத்தம். ஆட்களை வைத்துச் சாக்கடையைத் தூர்வாரிக்கொண்டிருந்தார் பாத்திரக்கடை அண்ணன். பாயும் ஓடி வந்தார்.

"அம்புட்டுக் கை அந்தப் பக்கம் தூக்குனதப் பாத்தப்புறம் எனக்குச் சோறு எறங்கல பாய்" என்றார் அண்ணன். "நானும் ஒரு புத்தகம் வாங்கி வச்சிருந்தேன். அதுல போட்டிருக்கிறதும் சரியாத்தான் இருக்கு."

மஞ்சள் பையிலிருந்து வெளியே வந்தது அதே புத்தகம். வெட்டுப்படாமல், முழுசாக.

"முழுக்கப் படிச்சிட்டீங்களாண்ணே?" நான் பொறாமையோடு அதன் அட்டையைத் தடவினேன்.

"கடைசியில இருந்துதான் ஆரம்பிச்சேன். கவுந்தவன் கதயப் படிச்சாத்தான நாம எங்க நிக்கிறோம்னு தெரியும்?"

அன்றைக்கே பாய் நடுப்பாகத்தை என்னிடம் நீட்டினார். வேறெதையும் பார்க்காமல் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். என் ஆகவேக்கு உரியவன் ஏதோ ஒரு தேசத்துத் தளபதி. ஒரே பதவியைப் பல பேருக்குத் தருவதாக வாக்குக் கொடுத்தவன்.

"இதப் படிக்கலயா பாய்?"

"அந்தப் பக்கத்துக்கு நான் வாரதுக்குள்ள கூட்டம் வந்துருச்சு மாப்ள."

கொஞ்ச நாளில் மழை வந்தது. வானம் பிளந்த மாதிரி கொட்டியது. நானும் டீச்சரும் என் கடைப் படியில் நின்று, சாக்கடை நுரைத்துக்கொண்டு ஓடுவதைக் குற்றாலத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிரே பாய் குனிந்து மண்டித் தரையை உள்ளங்கையால் தடவினார். நிமிர்ந்து எங்களுக்குக் கையை விரித்துக் காட்டினார். காய்ந்த கை.

குடையோடு வந்த அண்ணன் அவரைப் பார்த்து, "தோத்த மனுசனுக்கு எதுக்கு பாய் இம்புட்டுச் சந்தோசம்?" என்றார்.

"அடுத்த எலெக்‌ஷன்லயும் நிப்பேண்ணே" என்றார் பாய். "அப்பத்தான நீங்க மறுபடியும் தூர்வாருவீங்க!"