ஒளித்துத் தின்ற என்னைக் கர்த்தர் பேச வைத்தார்

சபையாருக்கு முன்னால் இதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் எழுத்தராக இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் பரிசோதனையில் இரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று தெரிந்தது. "வயித்துக்குள்ளயும் கொழுப்பு சேர்ந்திருக்கு. இப்படியே போனா இருதயத்துக்குப் போற ரத்தக்குழாய்ல படிஞ்சு அடைச்சிரும். எண்ணெயையும் கறியையும் குறைங்க" என்றார் மருத்துவர்.

அன்றோடு என் மனைவி எஸ்தர் வீட்டில் பொரிப்பதை நிறுத்தினாள். எனக்காக அவளும் அவித்ததையே சாப்பிட்டாள். ஞாயிறுதோறும் நீங்கள் என் சுகத்துக்காக ஜெபித்தீர்கள். நானும் கண்ணை மூடி ஆமென் சொன்னேன்.

மறுநாள் மாலையே மேலப்பாளையத்துக்குப் பஸ் ஏறுவேன். அங்கே நம் சபையார் யார் கண்ணிலும் பட மாட்டேன். பொரித்த புரோட்டா நாலு, மாட்டுக்கறிச் சுக்கா ஒரு தட்டு. ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்களில்கூட நிறுத்தவில்லை.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சை அமுக்கியது. இடது கை கடுத்தது. வேர்த்துச் சட்டை நனைந்தது. அப்போது நான் செய்த முதல் ஜெபம், "ஆண்டவரே, இது எஸ்தருக்குத் தெரியக்கூடாது" என்பதுதான். உயிரைக்கூட நான் கேட்கவில்லை.

கடைக்காரர் பாய் ஓடி வந்தார். "அண்ணாச்சி, எந்திரிக்காதீங்க. பைய சாஞ்சுக்கோங்க" என்றார். ஆட்டோவில் அவரே கூட வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள்.

மறுநாள் என் படுக்கையருகே எஸ்தர் மருத்துவரிடம் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு நெஞ்சுவலி எங்கே வந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. "நான் எண்ணெயே ஊத்துததில்ல டாக்டர். என் சமையல்லதான் என்னமோ தப்பு நடந்துபோச்சு."

நான் தூங்குவதுபோல் கிடந்தேன். அப்படியே கிடந்திருந்தால் அவள் காலமெல்லாம் தன்னையே பழித்திருப்பாள். "இயேசப்பா, என் வாயைத் திறந்துவிடும்" என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். நாக்கு எழவில்லை. மறுபடியும் கெஞ்சினேன்.

"எஸ்தர், நீ ஒண்ணும் பண்ணல. நான்தான் வாரத்துல நாலு நாள் மேலப்பாளையம் போய்த் தின்னேன்" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் புரோட்டா பிடிக்காதுன்னா நெனச்சிய?" என்றாள்.

 

மூன்று நாள் அவள் பேசவில்லை. மாத்திரையை மட்டும் நேரத்துக்குத் தந்தாள். நாலாம் நாள் என் கையைப் பிடித்து ஜெபித்தாள்.

இப்போது இருவரும் காலையில் நடக்கிறோம். கொழுப்பு இறங்கியிருக்கிறது. ஆசை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆசை வரும் நாளில் அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

உயிரைக் காத்தவருக்கு ஸ்தோத்திரம். என் வாயைத் திறந்ததற்காக அதைவிட ஸ்தோத்திரம். மறைத்துக்கொண்டே ஜெபிக்கிறவர்கள் இங்கே யாராவது இருந்தால், சுகத்தைக் கேட்கும்போதே உண்மையைச் சொல்லும் பெலனையும் கேளுங்கள். என்னைப்போல ஒரு வேஷக்காரனுக்கே கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார்.